பதிலுக்கு விட்ட இடம்

அந்த வீட்டை நான் முதலில் காதால்தான் பார்த்தேன். கனத்த மரக்கதவு ஒன்று. திறக்கும்போது செக்கு சுற்றுகிற மாதிரி ஒரு முனகல் போடும். உள்ளே போனால் ஒரு பக்கம் கூண்டில் குருவி, இன்னொரு பக்கம் அடுப்படி. அங்கே மரக்கரண்டி சட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற ஒரு கிழவி. எங்கேயோ மேட்டிலிருந்து மாதா கோயில் மணி. இவ்வளவும் ஸ்பெயின் தேசத்தின் தெற்கில் ஒரு மலையூரில் இருந்தன. நானோ கல்வராயன் மலையில், ஒரு மருத்துவமனையின் சமையற்கட்டில், அடுப்புக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்ரிக்கார்டரில் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனை என்றால் பெரிய கட்டிடம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளிமலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு பலாமரம். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மலைக்காரர்கள் அங்கே வருவார்கள். விடிகாலையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பனி உள்ளே வந்து பாத்திரங்களின் மேல் உட்காரும். அங்கே நர்ஸாக இருந்தவர் ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி. மலைக்காரர்கள் அவரைச் சிஸ்டரம்மா என்பார்கள். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அங்கே சோறாக்கினேன்.

நான் நைனார்பாளையம் பக்கம் பிறந்தவள். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. கட்டிக்கொடுத்த இடத்தில் குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணனும் அண்ணியும் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. எனக்குத்தான் அங்கே தூங்கும்போதுகூடக் காலை நீட்டக் கூச்சம். மலையில் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒரு துணிப்பையோடு ஏறிவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார்க்காரர் என்னைத் தாண்டிப் போய்விட்டால் கூப்பிட மாட்டேன். வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்திருப்பேன். சிஸ்டர் அப்படியே எனக்கு நேர்மாறு. அவர் தமிழை மலையேறி வந்த பிறகு, பிரசவம் பார்க்கிற இடத்திலும் சந்தையிலும் கற்றுக்கொண்டவர். வெள்ளைக்காரி வாயிலிருந்து "இன்னாம்மே பண்ணிக்கினு கீற?" என்று வரும்போது புதிதாக வந்த நோயாளிகள் வலியை மறந்து அவர் வாயையே பார்ப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் சிஸ்டரின் அம்மாவுக்குக் கண் மங்கிப்போனது. அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. சிஸ்டருக்குச் சபையில் லீவு கொடுப்பார்கள், ஆனால் கொஞ்ச நாளில் திரும்பி வந்தாக வேண்டும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சிஸ்டர் வந்து கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"நீ வரியா? எங்கம்மாகூட இருந்துக்கினு, சோறாக்கிப் போட்டுக்கினு?"

"எங்க சிஸ்டர்?"

"எங்க ஊருக்குத்தான். கப்பல்ல இல்ல, ஏரோப்ளேன்ல."

ஏன் தலையாட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பாலை இறக்குகிற அவசரத்தில் ஆட்டியிருப்பேன். ஆனால் ஆட்டிய தலையை மாற்றி ஆட்ட எனக்கு மனம் வரவில்லை.

சிஸ்டரும் அவர் அம்மாவும் கடிதம் எழுதிக்கொள்வதில்லை. கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வார்கள். என்னைப் பற்றிச் சொல்லி அனுப்பியதற்கு வந்த கேசட்டை சிஸ்டர் என் முன்னாலேயே போட்டார். கதவு முனகியது, குருவி கத்தியது, பிறகு கிழவி கத்தினார். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டே எனக்குச் சொன்னார்.

"வேணாம்னு சொல்லுது. 'ஏதோ தேசத்துப் பொம்பளய எங்கிட்ட வுட்டுட்டு நீ போயிடுவ. நான் யார்கிட்ட பேசறது? அவ மூஞ்சியப் பாத்துக்கினு ஒக்கார எனக்குக் கண்ணும் இல்ல. அதுக்கு இந்தச் சொவுத்துக்கிட்டயே பேசிக்கினு செத்துப்போறேன்' னுது."

எனக்குக் கோபம் வரவில்லை. பேச ஆள் வேண்டும் என்றுதானே கேட்கிறார், சரியாகத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. ஆனால் பேச ஆள் தேடி கடைசியில் என்னிடமா வந்து சேர வேண்டும் என்றும் தோன்றியது.

"கத்துக்கினா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சிஸ்டருக்குக் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. புத்தகம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "புஸ்தகம் படிச்சிக்கினு பேசினா எங்கம்மா உன்ன கவர்மெண்டு ஆளுன்னு நெனச்சிக்கும். எங்க தெருவுல பேசற மாதிரி பேசணும்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அவர் வழி இதுதான். நான் எந்த வேலை செய்கிறேனோ அதை வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். வெங்காயம் உரித்தால் வெங்காயம் உரிக்கிறேன் என்று வெங்காயத்திடம் சொல்ல வேண்டும். கோழி உள்ளே வந்தால் "ஃபுவெரா, ஃபுவெரா" என்று விரட்ட வேண்டும். எனக்கு முன்னால் அந்த மொழியைக் கற்றுக்கொண்டவை கோழிகள்தான். கொஞ்ச நாளில் தமிழில் விரட்டினால் அவை நகரவே இல்லை.

அவர்கள் ஊர்ப் பேச்சு எங்கள் பேச்சைப் போலவே வாலறுந்த பேச்சு. போய்க்கொண்டு என்பதை நாங்கள் போய்க்கினு ஆக்குவதுபோல, சாப்பிட்டது என்கிற கொமீதோவை அவர்கள் கொமீயோ என்று கடித்துவிடுவார்கள். அதனாலோ என்னவோ அந்த மொழி என் நாக்கில் சிரமம் இல்லாமல் உட்கார்ந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த மொழியில் எனக்கு மாமியார் கிடையாது. நாத்தனார் கிடையாது. "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டவர்கள் ஒருவரும் அந்த மொழியில் கேட்டதில்லை. சாமை குத்தும்போதும் கீரை ஆயும்போதும் நான் அதில் வாயாடிக்கொண்டே இருந்தேன். பனி நிறைந்த காலையில் சமையற்கட்டுக்குள் யாரோ ஒருத்தி பேசிக்கொண்டிருப்பாள். அது நான்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் சிஸ்டர் டேப்ரிக்கார்டரை என் முன்னால் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, "பேசு" என்றார்.

பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் நம் கதையை ஆரம்பிக்கலாமா? முதலில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்க வேண்டும். கேட்டேன். "ஆ கொமீயோ உஸ்தே?" கேட்டுவிட்டு நிறுத்தினேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு அவர்கள் வாய் திறப்பதற்குள் அடுத்த பேச்சுக்குப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அது கேட்டதாகவே ஆகாது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. சிஸ்டர் கையை ஆட்டி ஆட்டி மேலே பேசு என்றார். இருங்கள் என்று நான் கையைக் காட்டினேன். 'ஆச்சும்மா, நீ சாப்ட்டியா?' என்று ஒரு வயதான ஆள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டுவிட்டு, "நானும் சாப்பிட்டேன்" என்றேன். பிறகு, "இன்றைக்கு என்ன சமையல்?" என்று கேட்டேன். மறுபடியும் நிறுத்தினேன்.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பேசி முடித்த பிறகுதான் உள்ளே வந்தார்.

"அய்யோ, அது மிஷினும்மே! அது எப்பிடி பதில் சொல்லும்?"

"மிஷினு சொல்லாது சிஸ்டர். அவங்க சொல்லுவாங்க இல்ல?"

"அவங்க சொன்னா உனக்கு எப்பிடி கேக்கும்?"

அதை நான் யோசிக்கவில்லை. அழித்துவிட்டு வேறு பேசலாம் என்றார் சிஸ்டர். அதற்குள் கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற ஜீப் வந்து ஹாரன் அடித்தது. கேசட் அப்படியே தபாலுக்குப் போய்விட்டது. வெட்கத்தில் எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. கிழவி என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார், அதோடு இது முடிந்தது என்று இருந்தேன்.

கடுக்காய் பொறுக்குகிற காலத்தில் பதில் வந்தது. கதவு முனகல் இல்லை, கரண்டிச் சத்தம் இல்லை. கிழவி எதிரில் வந்து உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. பாதி எனக்கே புரிந்தது, மீதியை சிஸ்டர் சொன்னார். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படித்தான்:

"கேசட்டு கெட்டுப்போச்சுன்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் கேட்டா மூச்சு வுடற சத்தம் கேக்குது. ஒரு கோழி கத்துது. அட, இந்தப் பொண்ணு நான் சொல்றதுக்காகக் காத்துக்கினு இருக்குதுன்னு புரிஞ்சுது. 'சாப்ட்டேன்டி, பருப்பு' ன்னேன். உடனே இன்னா சமையல்னு கேக்குது! சிரிச்சேன் பாரு, குருவி பயந்துபோச்சு. மறுபடியும் போட்டு மறுபடியும் பதில் சொன்னேன். மகளே, நீ இத்தினி வருஷமா கேசட்டு அனுப்பறியே, சாமியார் பிரசங்கம் மாதிரி பேசிக்கினே போற. ஒரு தடவையாவது நிறுத்தினியா? அவள அனுப்பு."

சிஸ்டர் எழுந்து வெளியே போய்க் கோழிகளை விரட்டினார். அந்த நேரத்தில் அங்கே ஒரு கோழியும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டோம். என் கேசட்டில் கிழவிக்கு இடம் இருக்கும், அவர் கேசட்டில் எனக்கு இடம் இருக்கும். "மழை பெய்யுதாடி அங்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். பெய்கிறது என்று நான் டேப்ரிக்கார்டரிடம் சொல்வேன். "அப்படியா, இங்க ஒரு சொட்டு இல்ல" என்பார். அவர் அதைச் சொன்னது ஒரு மாதத்துக்கு முன்னால். நான் சொன்னது அவருக்குக் கேட்கப்போவதே இல்லை. ஆனாலும் பேச்சு பொருந்திப் போகும். சில நாள் பொருந்தாமலும் போகும். வெயில் என்று நான் சொல்வேன், "நனையாத, சளி புடிக்கும்" என்பார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் யாரும் நனையாதே என்று சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது.

கண்ணை மூடினால் அந்த வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தேன். கதவு, பிறகு மூன்று படி, பிறகு குருவி. சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பார்களாம், எங்கள் பொங்கலுக்கு அடிப்பதுபோல. அந்தச் சுண்ணாம்பு வாசனைகூட மூக்கில் ஏறும். எது மலைப் பனி, எது அந்த ஊர் வெள்ளைச் சுவர் என்று தெரியாமல் படுத்துக் கிடப்பேன்.

டேப்ரிக்கார்டருக்கு பேட்டரி கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பாய் கடையில்தான் வாங்குவேன். மலையில் எங்களுக்குக் கரண்டு இல்லை. "இன்னாம்மா, மலைல எலிக்கெல்லாம் டார்ச் லைட்டு குடுக்கிறீங்களா? பேட்டரி இவ்ளோ ஜாஸ்தி ஓடுதே" என்பார் பாய். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். ஸ்பெயினில் ஒரு கிழவியோடு பேச என்று சொல்ல வாய் வந்ததில்லை.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் ஊருக்குப் போய் விசாரித்தபோதுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. மலையேறி வந்துவிட்டார். சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினார், உள்ளே வரவில்லை.

"கடல் தாண்டிப் போயி எவளோ ஒரு கெழவிக்குக் கஞ்சி காச்சி ஊத்தப் போறியா பாப்பா? நம்ம வூட்ல கஞ்சி இல்லியா? நான் இன்னா செத்தாப் போயிட்டேன்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயத் தொறந்து சொல்லு. எதுக்குப் போற?"

எனக்கு அது தமிழில் தெரியவில்லை. அங்கே ஒருவர் நான் பதில் சொல்ல இடம் விடுகிறார் அண்ணா என்று எப்படிச் சொல்வது? அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ போனா, உனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சிக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கொண்டு வந்த வேர்க்கடலைப் பை மட்டும் வாசலிலேயே இருந்தது.

அண்ணனுக்கு அப்போது வேறு கவலையும் இருந்தது. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் எங்கள் சனத்துக்கு இட ஒதுக்கீடு என்கிற பேச்சுதான். அண்ணன் மகன் படித்துவிட்டு வேலை இல்லாமல் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கடைசியில் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் என்று வந்தது. நாங்கள் சென்னைக்குப் போய் ஏரோப்ளேன் ஏற வேண்டியது அந்த வாரத்தில்தான்.

மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்தபோது பஸ் ஸ்டாண்டில் ஆடுகள் படுத்திருந்தன. பாய் கடையின் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா போறீங்க? பஸ்ஸு கெடையாது. உளுந்தூர்பேட்ட வரிக்கும் மரமாக் கெடக்குதாம். ஆஸ்பத்திரி வண்டியும் வெளிநாட்டுக்காரங்களும்தான் போவலாமாம். நம்மூரு ஆளுங்க ஒருத்தரையும் வுட மாட்டாங்க. எறக்கி நடந்து போவ வுடறாங்க."

சிஸ்டர் ஜீப்பின் முன்னால் சிவப்புச் சிலுவைத் துணியைக் கட்டச் சொன்னார். நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கிழவி வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டியதை மட்டும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். கதவு கனமானது, அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம், வெளியிலிருந்து உரக்கச் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. ரோட்டில் வேறு வண்டி எதுவும் இல்லை. வெயிலில் ரோடு அசைந்துகொண்டிருந்தது. ரோட்டோரப் புளியமரங்கள் இருந்த இடங்களில் வானம் புதிதாகத் தெரிந்தது.

தியாகதுருகம் தாண்டி ஒரு பெரிய புளியமரம் ரோட்டை மறித்துப் படுத்திருந்தது. தலையில் துண்டு கட்டிய ஆட்கள் சுற்றிலும் நின்றார்கள். ஒருவர் ஜீப்பைத் தட்டினார்.

"எறங்கு, எறங்கு. யாரு வண்டி?"

சிஸ்டர் தலையை நீட்டினார். "எங்கம்மா கண்ணு தெரியாம கெடக்குறாங்க. நான் ஊருக்குப் போய்க்கினு கீறேன். வழி வுடுங்கப்பா."

அவ்வளவுதான், அங்கே ஒரே சிரிப்பு.

"டேய், இங்க வந்து பார்றா! வெள்ளக்காரம்மா நம்ம மாதிரியே பேசுது!"

"எம்மா, எங்களுக்கு வேல குடுக்கச் சொல்லி உங்க ஊரு ராசாகிட்ட சொல்லும்மா!"

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல வழிய வுடு, அப்பதான் போயி சொல்ல முடியும்" என்றார் சிஸ்டர்.

மறுபடியும் சிரிப்பு. போகலாம் என்று கை காட்டினார்கள். அப்போதுதான் ஒருவர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார்.

"இது யாரு? எந்த ஊரும்மா நீ?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"நம்ம சனம் மாதிரி இருக்குது. நம்ம சனம் ஒருத்தரும் வண்டில போவக் கூடாதுன்னு பேச்சு. எறங்கும்மா. வெள்ளக்காரம்மா போட்டும்."

சிஸ்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மார்பெல்லாம் மரத்தூளோடு, கையில் கோடாலியோடு அண்ணன் வந்துகொண்டிருந்தார். மூன்று ஊர் தாண்டி இவர் எங்கே இங்கே என்று இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கேக்குறாங்க இல்ல? எந்த ஊருன்னு சொல்லு" என்றார் குனிந்து பார்த்தவர்.

வாயைத் திறந்தேன். தமிழ் வரவில்லை. வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததுதான் வந்தது. "யா எஸ்தோய் அகீ, செஞோரா. ஆப்ராமே லா புவெர்தா." உரக்கவும் வந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்காத வாய், ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது.

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னா பாஷடா இது?"

"இந்தி மாதிரி இல்லியே."

அண்ணன் கோடாலியை மரத்தில் குத்தி நிறுத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் எதுவும் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டேன், அண்ணியோடு உட்கார்ந்து கடலை உரித்தேன், அண்ணன் வீட்டு மூலையில் காலை மடக்கிப் படுத்தேன். எல்லாமே நடந்துவிட்டது.

"பாண்டிச்சேரி சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தான் வூட்டுப் பொம்பள மாதிரி கீது. பிரெஞ்சு பேசுது" என்றார் அண்ணன். "நமக்குத் தெரிஞ்ச ஆளு இல்ல. வுடு, போட்டும்."

"நல்லாத் தெரியுமாண்ணா?"

"தெரியாதுன்னுதானடா சொல்றேன். நம்மூரு பொம்பளைங்க இந்த மாதிரி கத்திப் பேசுவாங்களா?"

அவரே குனிந்து பள்ளத்தின் ஓரமாகக் கிடந்த கிளையை இழுத்துப் போட்டார். ஜீப் வயலில் இறங்கி மரத்தைச் சுற்றி ஏறியது. என் பக்கத்து ஜன்னல் அவரை உரசிக்கொண்டு போனது. போயிட்டு வரேண்ணா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியாது, நான் பாண்டிச்சேரிக்காரி. வீட்டிலிருந்து கிளம்பும்போது அதைச் சொல்லாமல் நான் ஒரு நாளும் கிளம்பியதில்லை. திரும்பிப் பார்த்தபோது அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு கோடாலியை மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் இல்லை என்று நினைத்துக்கொள் என்று மலையில் சொன்னாரே, அதையா ஊரறியச் சொல்லிவிட்டார், அல்லது வழி விட்டாரா? ஏரோப்ளேனில் மேகத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டும் எனக்கு அதே நினைப்புதான். வெளியே பார்த்தால் கல்வராயன் மலைப் பனி மாதிரியேதான் இருந்தது. நான் இன்னும் சமையற்கட்டு ஜன்னல் பக்கத்தில்தான் இருக்கிறேன், பால் இன்னும் பொங்கவில்லை என்றும் இருந்தது.

அந்த ஊரில் போய் இறங்கியபோது நல்ல வெயில், மத்தியான நேரம், தெருவில் ஆள் இல்லை. சிஸ்டர் பெட்டிக்காக வண்டிக்காரனோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். நான் மட்டும் முன்னால் நடந்தேன். வழி கேட்கவில்லை. மணிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும், அதற்கு எந்தப் பக்கம் வீடு என்றும் தெரியும். கதவுக்கு முன்னால் போய் நின்றேன். அந்த வாக்கியத்தைத் தேடினேன். அது இல்லை. புளியமரத்தடியில் கத்தியதோடு அது என்னிடமிருந்து போய்விட்டது போல. வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. கதவைத் தட்டவும் கை வரவில்லை. சும்மா நின்றேன்.

உள்ளே செருப்பு தேய்கிற சத்தம். அது கதவுக்குக் கிட்டே வந்து நின்றது. அந்தப் பக்கமும் மூச்சு, இந்தப் பக்கமும் மூச்சு.

"இந்தப் பேசாம இருக்கறது எனக்குத் தெரியுமே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு செக்கு மாதிரி முனகியது. வெள்ளைத் தலையோடு ஒரு குள்ளமான கிழவி, என் முகத்துக்குச் சற்று இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "ஆ கொமீயோ?" என்று கேட்டார். சாப்ட்டியா? கேட்டுவிட்டு நிறுத்தினார்.

இந்த முறை நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்டது.

கிழவி இருந்தவரை நான் அங்கே இருந்தேன். அந்தத் தெருவில் என்னைச் சண்டைக்கு இழுக்கிற அளவுக்கு அவர்கள் பேச்சு எனக்கு வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரியோடு நான் சண்டையும் போட்டிருக்கிறேன். பிறகு அவர் குழியில் மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் அண்ணன் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது.

ஊருக்கு வந்த அன்று அண்ணன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. நான் இறங்கி எதிரே நின்றதும் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். வழியில் புதிதாக வைத்த மரக்கன்றுகளைச் சுற்றி முள் கட்டியிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு அந்த மரத்துக்கிட்ட இன்னா சொன்ன பாப்பா?"

"நான் வந்துட்டேன், கதவத் தொறங்கன்னு சொன்னேண்ணா."

பஸ் ஓர் ஊரில் நின்று, ஆள் ஏறி, மறுபடியும் புறப்பட்டது.

"தொறந்துச்சா?" என்றார்.

"தொறந்துச்சுண்ணா."